தலைக்கு மேல் நாலு விரல்

ஆஷ்லி ஸ்ரீரங்கத்தில் பரதநாட்டியம் கற்றது மொத்தம் பதினோரு நாள். முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்க வராமல் ஓடி வந்தவள், கட்டடக்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம், நடனத்தைத் துணிப் பந்தலாகவே கட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். அரைகுறையாகத் தெரிந்ததைப் பற்றித்தான் அவளுக்கு ஆறு பக்கம் கான்செப்ட் எழுத வரும்.

அரியமங்கலம் பட்டறையில் பந்தலின் இரும்புச் சட்டத்துக்கு வெல்டர் இன்னாசிராஜ் உயரம் கேட்டார். டேப் ஹாஸ்டலில் இருந்தது.

"என் தலைக்கு மேல நாலு விரல் வெச்சுக்குங்கண்ணே" என்றாள் பெரிய ஆள் மாதிரி. தன் உயரம் நாலே முக்கால் அடிதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மதிப்பெண் போடும் ஜூரி நாளில், சட்டத்தின் மேல் சிவப்புத் துணி மடிப்பு மடிப்பாகக் கூரை கட்டியிருந்தது. காற்றில் ஆடும் என்று எழுதியிருந்தாள், ஆடவில்லை. உள்ளே நுழைந்த பேராசிரியர்கள் மூவரும் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி நகர்ந்து மறுபக்கம் வந்தார்கள்.

"ஏம்மா இவ்வளவு தாழ்வா?" என்று மூச்சு வாங்கினார் ரெங்கராஜ் சார்.

ஆஷ்லி கூசாமல் அளந்துவிட்டாள். "அரைமண்டி சார். துணி ஆடாது, உள்ள வர்றவங்கதான் ஆடணும்."

சார் அசந்துபோனார். தாளில் நிறைய எழுதினார். பிறகு ஆசையாக, "எங்க, நீ ஒரு தடவை போய்க் காட்டு" என்றார்.

ஆஷ்லி நிமிர்ந்தே உள்ளே போனாள், நிமிர்ந்தே வெளியே வந்தாள். துணி ஒரு முடியைக்கூடத் தொடவில்லை.