பாவாடைக்கு வைத்த ஹார்லிக்ஸ்

சுரங்கத்தில் வேலை பார்த்த பாவாடை, செத்து நாலு வருடம் கழித்து மதம் மாறினார். இந்தச் செய்தியைப் பிளாக் முழுக்கக் கொண்டுசேர்த்தவள் அடுத்த குவார்ட்டர்ஸ் அம்சவல்லி. உயிரோடு இருப்பவர் மாறினாலே ஒரு வாரம் பேச்சு ஓடும். செத்தவர் மாறினால் கேட்கவா வேண்டும்? அன்றைக்குப் பல வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

மாற்றிவைத்தவன் அவர் பெற்ற பிள்ளை நிலவன். சென்னையில் பாலிடெக்னிக் படித்தபோது மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யும் மிஷனரி. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ‘எல்டர்’ என்று கறுப்பு பேட்ஜ். மூத்தவர் என்று அர்த்தமாம். மூத்தவருக்கு வயது இருபத்தொன்று. டீ, காபி, பீடி, சாராயம் எதையும் தொடக்கூடாது. எங்கே போனாலும் கூட ஒரு ஜோடி ஆள் இருக்கவேண்டும், தனியாக இருக்கக்கூடாது. யாரோ ஒரு அம்மாவுக்குத் தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொடுத்துப் புண்ணியம் தேடியதில் அடிவயிறு பிதுங்கிவிட்டது. ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து, தையலோடு வீட்டுக்கு வந்திருந்தான். ஜோடி ஆள் கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டான்.

அப்பா விஷயம் இப்படித்தான் நடந்தது. செத்தவருக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் ஆலயத்தில் முங்கி எழுந்தால், அந்த ஞானஸ்நானம் செத்தவரைப் போய்ச் சேரும் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. ஆனால் பெண்சாதி உயிரோடு இருந்தால் அவள் சம்மதம் வேண்டும். நிலவன் போனில் கேட்டான், அப்பாவுக்கு ஒரு சடங்கு செய்யணும் என்று. தகப்பனுக்குச் செய்யறதுக்கு என்னைக் கேட்கணுமா, நல்லா செய் என்றாள் செங்கமலம். அவள் ராமேஸ்வரத்துக் கடலை நினைத்துக்கொண்டு சொன்னாள். அவள் அதைத்தான் நினைக்கிறாள் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். இந்தியாவில் இன்னும் அவர்களுக்கு ஆலயம் இல்லாததால், ஊர் திரும்பிய பழைய ஜோடி ஆள் ஒருவன் மணிலா ஆலயத்தில் பாவாடைக்காக முங்கி எழுந்தான்.

ஊருக்கு வந்த பிறகுதான் நிலவன் உண்மையைச் சொன்னான். செங்கமலம் அவனுக்கு ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப அவுரும் டீ குடிக்கக்கூடாதாடா?”

எத்தனையோ வாசலில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவன், ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்று என்றான். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

பாவாடை செத்ததே டீ குடிக்கும்போதுதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, பாதி டம்ளர் குடித்தார். மீதியைக் குடிக்க ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு வருசப் படையலிலும் மீன் குழம்போடு அதே கண்ணாடி டம்ளரில் டீயும், ஒரு கட்டுப் பீடியும் இருக்கும். இந்த வருடம் பீடி இல்லை. டம்ளரில் ஹார்லிக்ஸ். புருஷன் புதிதாகச் சேர்ந்த இடத்தில் அவருக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்பது செங்கமலத்தின் எண்ணம்.

காக்கை வந்தது. இலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீனைக்கூடத் தொடாமல் பறந்துபோனது. மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து இருமல் ஆரம்பித்தது. செங்கமலம் வாரிசு வேலையில் ஆபீஸ் போய்விடுவாள். வீட்டில் நிலவன் மட்டும். மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதி அடங்கியதும் வாசலில் ஒரு இருமல். பீடி இருமல், அடி நெஞ்சிலிருந்து இழுத்து, கடைசியில் ஒரு செருமலோடு முடிவது. அப்படி இருமின ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். தையல் தெறிக்கும், இருமாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே இருமும்போதெல்லாம் நிலவன் உள்ளே தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டான். கதவைத் திறந்தால் யாருமில்லை. ஓரமாக மடக்கி வைத்த சேர் மட்டும் ரோட்டைப் பார்த்து விரிந்திருக்கும். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் பாதியில் வார்த்தை நின்றுபோகும். கூட ஆளில்லாமல் இருக்கக்கூடாது என்பது விதி. கூட ஆள் இருக்கிறது என்பதுதான் இப்போது பயம்.

அம்சவல்லி கொய்யாப்பழம் கொடுக்கிற சாக்கில் வந்தாள்.

“தம்பி, மத்தியானம் வெளிய குந்திகினு இருந்தாரே, உங்க ஜோடி ஆளா?”

“யாரும் வரலியே ஆன்ட்டி.”

“வெள்ளச் சட்ட போடல. லுங்கிதான். அதான் கேட்டேன்.”

அம்சவல்லிக்குக் கண்ணில் புரை என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் நிலவன் அன்றைக்குக் கொய்யாப்பழத்தைத் தொடவில்லை.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து மிஷன் தலைவர் கூப்பிட்டார். காயம் ஆறியிருந்தால் திங்கட்கிழமை வரலாம் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றான் நிலவன். இறந்தவர்கள் நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்று இனி எந்த வாசலில் நின்று சொல்வது? சொந்த வாசலில் ஒருவர் பட்டினியாகக் காத்திருக்கிறார். போவதா, பேட்ஜைக் கழற்றி வைப்பதா என்பதை அப்பாவிடம் கேட்டால்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்பே அவன் படுக்கையை விட்டு எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பால் வைத்தான், டீத்தூள் போட்டான். தொட்டு இரண்டு வருடமாகிவிட்ட வாசனை. அதே கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை ஊற்றினான். அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்த பீடிக்கட்டையும் எடுத்து வந்து, சேருக்குப் பக்கத்தில் வைத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உதறுகிற சத்தம் சட்டென்று நின்றது.

“உன்னக் கேக்காம செஞ்சிட்டம்பா. அம்மாகிட்டயும் ஒழுங்கா சொல்லல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. செத்தவங்க அங்க இருந்தே வேணாம்னு சொல்லலாம், எங்க சபையிலயே அப்படித்தான் இருக்கு. நான் கோவிச்சுக்க மாட்டன்.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான். சங்கு ஊதியது. தலையணையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இருமல் வரவில்லை. சேர் மட்டும் ஒரு தரம் கிறீச்சிட்டது, யாரோ சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

செங்கமலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“நீ குடிச்சியாடா?”

“இல்லம்மா.”

“பாதி இருக்குதே.”

செத்த அன்றைக்கு விட்ட அதே பாதி. பீடிக்கட்டு பிரிக்கப்படவில்லை. குடித்தது பூனையா, அணிலா என்று அம்சவல்லியிடம் கேட்டார்கள். பிளாக்கில் பறக்கிற கொசுவுக்கும் ஜாதகம் சொல்லுகிறவள், நான் துணிதான் காயப்போட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் பார்க்கவில்லை என்று சொன்னது அது ஒன்றுதான்.

நிலவன் அப்பாவிடம் கேட்டதை அம்மாவிடம் சொன்னான். செங்கமலம் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மகனிடம் சொன்னாள்.

“அந்த மதம் வேணாம்னா ஒரே மடக்குல குடிச்சிட்டுப் பூட்டிருப்பாரு. சரின்னா தொட்டிருக்கவே மாட்டாரு. ஓசன பண்ணிகினு இருக்காரு. நீ போயிட்டு வா.”

திங்கட்கிழமை அவன் வெள்ளைச் சட்டை போட்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு கிளம்பினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டான். பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. வடலூரில் கூட்டம் ஏறியது. ஒருவர் வந்து, ஆள் வருதா தம்பி என்று கேட்டார். நிலவன் அந்த சீட்டை ஒரு தரம் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.