சுண்ணாம்பில் வெந்த சோளம்

அப்பாசாமி வாத்தியார் இரண்டாவது தடவை பிசைந்த சோள மாவும் கல்லில் விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் மனைவி தைலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

பசுந்தாங் பேட்டைத் தமிழ்ப் பள்ளியில் பூகோளத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தையும் கணக்குக்கே கொடுக்கப்போவதாகத் தலைமையாசிரியர் ராஜரத்தினம் சொல்லியிருந்தார். "மில்லுக்கும் துறைமுகத்துக்கும் போகிற பிள்ளைகளுக்கு அமெரிக்கா எதுக்குய்யா?"

"ஒரு வகுப்புக்கு வந்து உட்காருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று அப்பாசாமி அழைத்துவிட்டு வந்துவிட்டார். நாளைக் காலை அந்த வகுப்பு. மெக்சிகோவின் அஸ்டெக் ஜனங்கள் தின்ற சோள ரொட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத்தான் பாடம் தொடங்கவேண்டும் என்பது அவர் ஆசை. பூகோளம் உள்ள நாட்களில்தான் அவர் பாடிக்கொண்டே வீடு திரும்புவார். அது தைலம்மாளுக்குத் தெரியும்.

"கோதுமை மாதிரி இதுல பசை கிடையாது, தைலு. அவங்க சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு ராத்திரி பூரா ஊறப்போடுவாங்களாம். தோலு கழண்டுடும், மாவும் ஒட்டிக்கும்."

"அதை முதல்லயே செய்யறதுக்கென்ன?"

"பிள்ளைங்க வயிறாச்சே!"

"நான் தினமும் வெத்தலையில தடவித் திங்கிறேன், செத்தா போயிட்டேன்? நல்லா அலசிட்டு அரைக்கலாம். சோளத்தைக் கொண்டாங்க."

ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்ட சோளத்தை, விடிந்ததும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். தோல் சுருண்டு தண்ணீரோடு போயிற்று. அம்மியில் அரைத்துத் தட்டியபோது ரொட்டி உதிராமல் நின்றது. வாத்தியாருக்குத்தான் திருப்பிப் போட வரவில்லை.

"தள்ளுங்க, நானே வர்றேன்" என்று தைலம்மாள் கரியடுப்போடு பள்ளிக்குக் கிளம்பினாள்.

வகுப்பு வாசலில் அடுப்பு. கடைசிப் பெஞ்சில் கைக்கடியாரத்தைப் பார்த்தபடி ராஜரத்தினம். சூடான ரொட்டியை ஊதித் தின்ற பிள்ளைகளிடம் வாத்தியார், அஸ்டெக்குகளுக்குக் கிழக்கே வாழ்ந்த மாயா ஜனங்களின் நாட்டில் தரையே சுண்ணாம்புக்கல், மழைநீர் ஆறாக ஓடாமல் உள்ளே இறங்கிவிடும், அதனால் பெரும் குழிகள்தான் அவர்களுக்குக் கிணறு என்றார். பிறகு கரும்பலகைப் படத்தில் சாக்கட்டி தெற்கே இறங்கி, கடலோரம் நெடுக ஒரு மலைச்சுவர் எழுப்பியது.

"இங்கே இன்கா ராஜா. குதிரை கிடையாது, வண்டி கிடையாது. சேதி எப்படிப் போகும்? வழியெல்லாம் குடிசை. ஒருத்தன் மூச்சு முட்ட ஓடி வருவான். கிட்ட வந்ததும் சங்கை ஊதுவான். குடிசையில இருக்கிறவன் எழுந்து, கூடவே ஓடிக்கிட்டே சேதியை வாங்கிக்குவான்…"

வாத்தியார் ஓடியே காட்டினார். வீட்டில் குடையை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனுஷனா இவர் என்று தைலம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரொட்டி கருகுது!" என்றார் ராஜரத்தினம்.

"கருகட்டுங்கய்யா. அந்த ஆளு முதல்ல போய்ச் சேரட்டும்."

வகுப்பே சிரித்தது. ராஜரத்தினமும் சிரித்துவிட்டார். கடியாரக் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"பூகோளம் இருக்கட்டும் வாத்தியாரே, கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது. நீங்க மேலே சொல்லுங்க. ராஜா கைக்குச் சேதி போச்சா?"

அப்பாசாமி இரண்டு கைகளையும் குவித்து வாயில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி சங்கு ஊதினார்.