பக்கத்து வீட்டில் பொங்கிய மா

டென்மார்க்கின் வைலே ஊரில் சுஜாந்தினி குழைக்கிற மா அவளுடைய வீட்டில் பொங்குவதில்லை. பக்கத்து வீட்டுச் செல்வரட்ணம்தான் பொங்குவார். ஈஸ்ட் பழசில்லை, பாலின் சூட்டிலும் பிழையில்லை. மா சட்டிக்குள் ரொட்டி மாவைப்போலப் படுத்துக் கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிசன் கொஞ்சம் உப்பி, சோபாவை விட்டு மெல்ல எழும்பி, வாசித்துக்கொண்டிருந்த பேப்பரோடு சீலிங்கில் போய் முட்டி நிற்பார். சுஜாந்தினியின் ஓவன் ஆறியபிறகுதான் கீழே இறங்குவார்.

சுஜாந்தினி சுவீடனில் வளர்ந்தவள். கஜதீபனைக் கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தபோது கூடவே வந்தது சனிக்கிழமைகளில் கறுவாப் பணிஸ் சுடுகிற பழக்கம். ஏலக்காயை இடித்து மாவுக்குள்ளேயே போடுவாள். பொங்கின மாவைப் பாய்போல விரித்து, வெண்ணெயும் சீனியும் கறுவாத்தூளும் பூசி, நாடா நாடாவாக வெட்டி முறுக்கி முடிச்சுப் போட்டு, முட்டை தடவி, சூட்டில் கரையாத வெள்ளைச் சீனிக் குறுணியைத் தூவி ஓவனுக்குள் தள்ளுவாள். சபையில் ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்துக்கு அவள் அதை முதல்முறை கொண்டுபோன அன்று தட்டு உடனேயே வெறுமையாகிவிட்டது. அதே மேசையில் கிளோறியாவின் பணிஸ் தொடுவாரில்லாமல் கிடந்தது. கிளோறியா செல்வரட்ணத்தின் மனைவி. வருசக்கணக்காக அந்தக் கோப்பி மேசை அவளுடைய ராச்சியம். சுஜாந்தினி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கிளோறியாவின் பணிஸ் ஒன்றைப் பிய்த்து மணந்துபார்த்து, எல்லாருக்கும் கேட்க, "அக்கா, இது கடையில ஐஸ்பெட்டிக்குள்ள விக்கிறதெல்லோ? வீட்டில சுட்டதெண்டு சொன்னியள்?" என்றாள். அது உண்மை. சபை சிரித்தது. அன்று பின்னேரம் கிளோறியா செடிவேலிக்கு மேலால் தலையை நீட்டி, "பெருமையிலதானே உன்ர மா பொங்குது. கர்த்தர் அதை அமத்துவார்" என்றாள். கர்த்தரும் அமத்தினார். ஆனால் ஒரு இடத்தில் அமத்தினது வேறொரு இடத்தில் எழும்பத்தானே வேணும்.

முதலில் கஜதீபன் ஈஸ்ட் செத்துப்போயிருக்கும் என்றான். வேறு ஈஸ்ட் வாங்கினார்கள், வேறு மா வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை செல்வரட்ணமே வந்து கதவில் தட்டி, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "தங்கச்சி, நீங்கள் மாவை மூடி வைச்ச உடனே எனக்கு நிலத்தில கால் பாவுதில்லை. ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்று தாழ்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிசன். சாமான் களஞ்சியத்தில் வேலை. ஏணி இல்லாமல் மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்கிறார் என்று அங்கே அவருக்கு நல்ல பெயர்கூட வந்திருந்தது. சுஜாந்தினி யோசித்தாள். யோசித்து, சனிக்கிழமையோடு புதன்கிழமையும் மாக் குழைக்கத் தொடங்கினாள். சுடுவதற்கில்லை. மூடி வைப்பாள், சுவரில் காதை வைப்பாள், கிளோறியா "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று கத்துவதைக் கேட்பாள், பிறகு மாவைப் பச்சைக் குப்பை வாளிக்குள் கொட்டுவாள். இரண்டு வருசம் இப்படிப் போனது. உப்பி உப்பியே செல்வரட்ணத்தின் சட்டைகள் எல்லாம் அளவு பெருத்தன.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின கிழமை கிளோறியா ஒரு கதையைக் கிளப்பினாள். சுஜாந்தினி முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறவள். அவளுடைய பணிசில் இருக்கிறது அங்கே களவெடுத்த வெண்ணெய் என்று. பாஸ்டரின் மனைவி அதைச் சுஜாந்தினியிடமே கேட்டாள். வீட்டுக்கு வந்த சுஜாந்தினி உடுப்பு மாற்றவில்லை. பிரியாணிக் கிடாரத்தை இறக்கி, வீட்டிலிருந்த மா முழுவதையும் கொட்டி, கை வலிக்க வலிக்கக் குழைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டாள். செல்வரட்ணம் அந்த நேரம் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டு நின்றார். சீலிங் இல்லாத இடம். கூரைக்கு மேலால் போய், கோடிவீட்டு டெனிஷ் கிழவன் பிரெபனின் கொடிக்கம்பத்தைத் தாவிப் பிடித்துக்கொண்டார்.

சுஜாந்தினி வெளியே வந்து பார்த்தாள். கிளோறியா வெறுங்காலோடு ஈரப்புல்லில் நின்றாள். கையில் புருசனின் ஒற்றைச் செருப்பு. வேலிக்கு மேலால் அவள் கேட்டாள்:

"கொல்லப்போறியா அந்த மனிசனை?"

ஓம் என்று சொல்லத்தான் சுஜாந்தினி வாயெடுத்தாள். மேலேயிருந்து செல்வரட்ணம், "தங்கச்சி, இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். காற்று அவரைக் கம்பத்திலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தது. இந்த நாட்டில் பொழுதுபட முன்னம் கொடியை இறக்கிவிட வேணும். பிரெபன் நேரத்தைப் பார்த்தான், கொடிக்கயிற்றை மேலே இழுத்து அனுப்பி, செல்வரட்ணம் அதை இடுப்பில் கொழுவினதும், கொடியை இறக்குகிற மாதிரியே அவரையும் இறக்கினான். அதைப்பற்றி அதற்குப் பிறகு அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை.

சுஜாந்தினிக்குக் கிளோறியாமேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் செருப்பு கண்ணுக்குள் நின்றது. அடுத்த சனிக்கிழமை மாவைக் குழைத்தவுடன் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள்.

"இதை உங்கட வீட்டுக்குள்ள வையுங்கோ. இதுவே பொங்கட்டும். அண்ணையை விட்டிடும்."

"என்ர வீடென்ன உன்ர குசினியே?"

"அப்ப அவர் பறக்கட்டும்."

கிளோறியா சட்டியைப் பறித்து, கதவை முகத்தில் அடித்தாள். பிறகு சட்டி வாசற்படியில் இருந்தது. மா துணியை முட்டிக்கொண்டு, கன்னம்போல மெதுமெதுவென்று பொங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு பிடி காணவில்லை. அந்தப் பிடியில் கிளோறியா தனக்கென்று டெனிஷ் முறையில் நத்தைபோலச் சுருட்டிச் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டும் மேசையின் இரண்டு முனையில் இருந்தன. களவெடுத்த வெண்ணெய்க் கதைக்குக் கிளோறியா மன்னிப்புக் கேட்கவில்லை. சுஜாந்தினியும் ஐஸ்பெட்டிக் கதைக்குக் கேட்கவில்லை. செல்வரட்ணம் மட்டும், மேலேயிருந்து பார்த்தால் கடல்நீரேரி வடிவாகத் தெரியும் என்று ஒருமுறை ஆரிடமோ சொன்னாராம்.

சில வருசம் கழிய செல்வரட்ணமும் கிளோறியாவும் ஓகூஸ் நகரத்துக்கு வீடு மாறினார்கள். விட்டது சனி என்று சுஜாந்தினி மாக் குழைத்தாள். மா படுத்துக் கிடந்தது, ரெலிபோன் அடித்தது. "தங்கச்சி, நான் இப்ப லிப்டின்ர கூரையில முட்டிக்கொண்டு நிக்கிறன்" என்றார் செல்வரட்ணம்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் சட்டியை மடியில் வைத்து ஓகூஸ் ரயிலில் போகிறாள். மா தட்டையாகப் போகும், பொங்கித் திரும்பும். டிக்கெட் பார்க்கிறவன் துணியை விலக்கச் சொல்வதில்லை. திரும்பி வருகையில் பக்கத்துச் சீட்டுக்காரர் தாங்களாகவே ஒதுங்கி இடம் விடுவார்கள். மூன்றாம் மாடியில் கிளோறியா கதவைத் திறந்து, சட்டியை வாங்கி, கதவைச் சாத்துவாள். மா பொங்கும்வரை சுஜாந்தினி படிக்கட்டுக் குளிரில் சுவரோடு சாய்ந்து நிற்பாள். பல மாரி அப்படிப் போனது. இந்த மாரியில் ஒரு சனிக்கிழமை அவள் ஏறி வந்தபோது கதவுக்கு வெளியே ஒரு கதிரை கிடந்தது. பலகைக் கதிரை, மெத்தையில்லை, ஒரு கால் கட்டை. சுஜாந்தினி சட்டியைக் கொடுத்துவிட்டு அதில் இருந்தாள்.