உப்புப் புல்

ஸ்டூல் மேல் நின்று ஹர்ஷா அண்ணன் ஆணி அடித்தான். அண்ணி பிரத்யுஷா கீழே படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் கடலோரப் பச்சைப் புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எதன் கழுத்திலும் கயிறு இல்லை, பக்கத்தில் மேய்க்க ஆளும் இல்லை. சரவணம்பட்டி ஃபிளாட்டில் இருப்பவர்கள் கிணத்துக்கடவு வீட்டுக்கு எதற்கு மாட்டுப் படம் வாங்கி வர வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் கட்டுத்தறியில் எங்கள் பசு செவலையே நிற்கிறாளே.

"இதுக சாணி போடாதுங்க அத்தை. கொசுவும் வராது," என்றாள் அண்ணி.

"பாலும் கறக்காது அம்மணி," என்று சிரித்த அம்மா, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவையும் என்னையும் ஃபிளாட்டுக்கே வந்துவிடச் சொல்லி அண்ணன் போன தடவை கூப்பிட்டிருந்தான். அங்கே செவலைக்கு இடம் ஏது என்று யாருமே பேசவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் வாய்விட்டுப் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் பங்காரு மாமா வந்தார். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர்.

"மாமா சும்மா படம் பாக்க வந்தாரு கண்ணு," என்றான் அண்ணன். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றார். "கடலோரத்துப் புல்லு உப்புக் கரிக்குமே மாப்ள, எப்படித் திங்குதுக?"

அண்ணன் மட்டும் ரொம்ப நேரம் சிரித்தான். அம்மா பக்கத்தில் நின்றும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

காபி வைக்கக் குனிந்தபோது, நாற்காலிக்குக் கீழே மாமாவின் மஞ்சள் பையைக் கண்டேன். பையின் வாயிலிருந்து புதுக் கயிற்றின் நுனி எட்டிப் பார்த்தது. மாட்டை விற்கிறவர்கள் எங்கள் பக்கம் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாளாம். பழைய கயிறு வீட்டிலேயே தங்கும், வாங்க வருகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். படம் பார்க்க வருகிறவருக்குக் கயிறு எதற்கு?

பின்வாசல் வழியாகக் கட்டுத்தறிக்கு ஓடினேன். செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். படலைத் தள்ளித் திறந்தேன். அதற்கப்பால் தென்னந்தோப்பு. அவள் முதுகில் தட்டினேன்.

"போ சாமி."

கயிறில்லாத கழுத்தை ஒருமுறை உதறிக்கொண்டாள். பிறகு திரும்பி, என் இடுப்புக் கயிற்றை நக்கத் தொடங்கினாள். பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.