மூன்றாம் வசந்தத்து ஆஸ்பரகஸ்

1

இந்தக் கதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவில் என் பக்கத்து வீட்டுக்காரர் வெர்லின் ஸ்ட்ரவுட், கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர். முன்வரிசைத் தடியன்களை மேய்ப்பவர். முப்பத்தொரு வருஷம், பதினோரு ஊர். தலைமைப் பயிற்சியாளராக ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மைதானத்தில் எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று...' வேண்டாம். அதில் எண்பது பேருக்குக்கூட அவர் பெயர் தெரியாது.

2

தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனால் உதவியாளர்களையும் கூப்பிடுவார். இவர்களும் மூட்டை கட்டுவார்கள். தொழில் அப்படி.

வெர்லினின் மனைவி நடீன் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறியை நட்டார். (நட்ட மூன்றாம் வசந்தத்தில்தான் தண்டை அறுக்கலாம். அதற்குமுன் கைவைத்தால் செடி பாழ்.) பத்து வீட்டிலும் அறுத்துத் தின்றது யாரோ.

இது பதினோராவது வீடு, மூன்றாம் வசந்தம். "இதுதான் கடைசி வீடு" என்று வெர்லின் சத்தியம் செய்திருந்தார். போன டிசம்பரில் ஐடஹோ மாநிலக் கல்லூரி ஒன்றுக்குப் போன பழைய தலைமைப் பயிற்சியாளர் ஒருநாள் காலை போன் செய்தார்: "சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறேன். வர்றியா இல்லையான்னு சொல்லிடு."

இந்த இடத்தில் நடீனை அழவிட்டிருந்தேன். படித்துக் காட்டியதும் வேலியைத் தாண்டி வந்து சண்டை பிடித்தார்.

"நான் எதுக்குய்யா அழணும்? பத்து தடவ வீடு காலி பண்ணிருக்கேன், ஒரு தட்டு ஒடஞ்சதில்ல. அத எழுது, எழுத்தாளரே!"

எழுதிவிட்டேன்.

3

ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். அவர்கள் வீட்டுச் சமையலறை.

"போக ஆசையா இருக்கா?"

"அங்க பசங்களுக்கு முன்வரிசையில குனிஞ்சு நிக்கக்கூடத் தெரியலையாம்."

"நான் அத கேக்கல, வெர்ல்."

"...ஆசையாத்தான் இருக்கு."

நடீன் கத்தியோடு கொல்லைக்குப் போனார். பன்னிரண்டு தண்டு. வேகவைத்து, வெண்ணெய் போட்டு, தட்டைத் தள்ளினார்.

"மொதல்ல தின்னு. அப்புறம் யார்கிட்ட வேணா பேசு."

(ஆட்டப் பதிவைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு பையனின் ஒவ்வொரு நகர்வுக்கும் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுவது வெர்லின் வேலை. கூட்டல் வாங்குவது லேசல்ல.)

முதல் தண்டைக் கடித்தார். கை தானாகப் பேனாவைத் தேடியது. காகிதக் கைத்துண்டில் ஒரு கூட்டல் குறி போட்டார்.

"அடப்பாவி," என்றார் நடீன். "முப்பத்தொரு வருஷத்துல எனக்கு இப்பத்தான் ஒண்ணு போட்டிருக்க."

சிரித்தார். அப்புறம் கொஞ்சம் அழுதார். (இதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.)

4

போன் அடிக்கிறது.

முடிவு ஒன்று: எடுக்கிறார், பன்னிரண்டாவது கொல்லையில் நடீன் மண்ணைக் கொத்து... இரண்டு: எடுக்கவில்லை, சனிக்கிழமைகளில் மைதானத்து வாத்தியச் சத்தம் கேட்டதும் வெர்லின் புல்வெட்டியை நிறுத்திவிட்டு...

இரண்டையும் அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் இன்று யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இரண்டில் எதைச் சொன்னாலும் இருவரில் ஒருவர் தோற்றதாகிவிடும். எனக்கு இருவரும் வேண்டும்.

வெர்லின் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். மேஜைக்கு நடுவில் போன் கிடக்கிறது. நடீன் அதை மெல்ல அவர் பக்கம் நகர்த்துகிறார். நான்காவது மணி. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா?