பின்சீட்டில் யாருமில்லை

"பின்னாடி யார்னா குந்துவாங்களா?" என்று கேட்டார் குலாம் ரசூல். தேனாம்பேட்டைச் சந்தில் பந்தயப் பைத்தியங்களின் கார்களைத் தாழ்த்திக் கொடுக்கும் மெக்கானிக்.

நல்லசிவம் முழுப் பைத்தியம். தி. நகரில் சொந்த ஜவுளிக்கடை, வயசு இருபத்து நாலு. எழுபத்திரண்டில் சோழவரம் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டு ஃபியட் அவன் கண்ணுக்கு மாட்டு வண்டியாகத் தெரிந்தது.

"வூட்டு ஆளுங்க குந்துனா பின்னாடி பட்டையத் தொடக்கூடாது நைனா. முன்னாடி ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறக்கி, கெட்டியா ஷாக் அப்சார்பர் போட்டுத் தரேன். நீ ஒருத்தனே ஓட்டிக்கினு சுத்துறதுன்னா பின்னாடி ரெண்டு பட்டையக் கழட்டிடலாம். தரையில ஒட்டிக்கினு போவும்."

பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்குவதே அந்த இரும்புப் பட்டைகள்தான். முதல் யோசனை புத்திசாலித்தனம், இரண்டாவது அழகு. நம்ம ஆள் எதைப் பிடிப்பான்?

"பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்க பாய்" என்றான்.

அப்பா அந்தக் காரை வாங்கியதே பின்சீட்டுக்காகத்தான். அம்மா பேச்சியம்மாளுக்குக் கனத்த உடம்பு, தேய்ந்த முழங்கால். அப்பா காலமான பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதில்தான் கபாலி கோயிலுக்குப் போய்வந்தாள். அவளைத்தான் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டான். நாக்கு கூசவில்லை.

"ஆயில் மாத்தினேன்" என்று வீட்டில் சொன்னான்.

அந்த வாரமே மயிலாப்பூரில் சொந்தக்காரர் கல்யாணம், பின்சீட்டில் அம்மா. மண்டப வாசலில் சாக்கடையை மூடிய கல் சற்று மேடு. கார் பாதி ஏறி, அடிவயிறு கறகறவென்று உரச, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"ஆச்சி எறங்குனாத்தான் வண்டி மூச்சு விடும்!" என்றான் பந்தலில் நின்ற ஒருவன்.

கதவைப் பிடித்து, வலிக்கிற காலை ஊன்றி அம்மா இறங்கினாள். வண்டி சட்டென்று நிமிர்ந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வண்டியக் கொறை சொல்லாதீய. எல்லாம் என் ஒடம்புதான்" என்று அவளும் சிரித்தாள். கை மட்டும் புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடியது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படுபாவி, சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றோடு அம்மா ராத்திரிச் சோற்றை விட்டாள். கோயிலையும் விட்டாள். "பசிக்கலய்யா" என்பாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மாதம் கழித்துத் தேனாம்பேட்டைக்கு ஓடினான்.

"இன்னா நைனா, யாரும் குந்த மாட்டாங்கன்னியே?"

"எங்கம்மா பாய்."

குலாம் ரசூல் ஸ்பேனரை எடுத்தார். பட்டைகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினான். உடம்பைக் குறுக்கிக்கொண்டு சீட்டு நுனியில் உட்கார்ந்தாள். வழியில் சொல்லிவிடுவதாக உத்தேசம். சொல்ல வாயெடுக்குமுன் அந்த மண்டபமே வந்துவிட்டது. வேண்டுமென்றே அதே கல்லில் ஏற்றி இறக்கினான். உரசவில்லை.

"ஏல சிவம், பாத்தியா? பட்டினி கெடந்தது வீண் போவல!"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அப்பா போன பிறகு அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை.

"ஆமாம்மா, நல்லா எளைச்சுட்டே" என்றான்.

"அப்போ இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே இருந்துருதேன்."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "அம்மா, அன்னைக்கு உரசுனது உன்னால இல்ல" என்று ஆரம்பித்தான்.