ஸ்னெல் என்கிற வெள்ளைப் பசு

வெள்ளானூர் எத்திராஜின் வீட்டில் மாடுகளுக்குப் பெயர் வைக்க ஒரு கட்டு உண்டு. தாய்ப்பசுவின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, கன்றுக்கும் கன்றின் கன்றுக்கும் அதே எழுத்துதான். கூப்பிட்டாலே எந்த வழி மாடு என்று தெரிந்துவிடும். லட்சுமியின் வழியில் சிக்கல் வரவில்லை. ஆனால் சீமைக்குத் திரும்பிய பூந்தமல்லி துரை ஒருவரிடம் அப்பா வாங்கிவந்த வெள்ளைப் பசுவுக்கு ஸ்னோவி என்று பெயர். அந்த எழுத்தில் தமிழில் தேடினால் ஸ்நானம் என்று வந்தது. மாட்டை அப்படிக் கூப்பிட அப்பாவுக்கு மனமில்லை.

பொறுப்பு எத்திராஜின் தலையில் விழுந்தது. போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெளிநாட்டு நாவல்களைத் தமிழில் படித்து, பனி பெய்யும் பக்கங்களை மட்டும் மறுபடி புரட்டுகிறவன். மூர் மார்க்கெட்டில் அட்டை போன பழைய இங்கிலீஷ் அகராதி ஒன்றை வாங்கினான். யாரும் பேசாமல் விட்ட சொற்கள்தான் அவனுக்குப் பிடித்தன. பெண்கள் கூந்தலில் கட்டும் பட்டை ஸ்னூட்; அது மூத்த கன்றின் பெயரானது. கடிந்து பேசுவது ஸ்னீப். உதைக்கிற மாட்டுக்கு அது. தோலைக் கடிக்கும் குளிர்காற்று ஸ்னெல். அதைக் கடைசிக் கன்றுக்கு வைத்தான்.

“இன்னா வாத்தியாரே, உன் சின்னூடு நேத்து என் கொல்லையில மேஞ்சுகினு இருந்துச்சு. உன் பொண்டாட்டி பூங்காவனத்துக்குத் தெரியுமா?” என்பான் பக்கத்து வீட்டுத் துலுக்கானம். ஸ்னூட் அவன் வாயில் சின்ன வீடாகிவிடும்.

யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கொட்டகைகள் முளைத்திருந்தன. வளர்ந்து கன்று ஈன்றிருந்த ஸ்னெல் ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கே போய்விட்டது. எத்திராஜின் மனைவி பூங்காவனத்துக்குப் பிரசவ ஜன்னியில் பால் வற்றியிருந்தது. குழந்தை குடித்தது அந்தப் பசுவின் பாலைத்தான். வேறு மாட்டுப் பாலைக் கொடுத்தால் கக்கியது.

“மாமா, கொயந்த கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு. மாடு இல்லாம ஊட்டுக்கு வராத,” என்றாள் பூங்காவனம்.

துலுக்கானத்தையும் அழைத்துக்கொண்டு ஓடினான். முள்கம்பிக்குப் பின்னால், பட்டாளத்து இடத்தில் மேய்ந்து பிடிபட்ட ஒரு மந்தையே நின்றது. அதில் வெள்ளை மாடுகள் நிறைய. காவலுக்கு நின்ற செம்பட்டை முடி வெள்ளைக்காரச் சிப்பாய், லாரி வந்ததும் எல்லாம் தூரத்துப் பட்டிக்குப் போய்விடும் என்றான். வருகிறவனெல்லாம் கொழுத்த மாட்டைக் காட்டி என்னுடையது என்கிறான். உன்னுடையது எது, நிரூபி என்றான்.

“பேரச் சொல்லிக் கூப்புடு வாத்தியாரே,” என்றான் துலுக்கானம்.

எத்திராஜ் சிப்பாயின் துப்பாக்கியைப் பார்த்தான். வெள்ளைக்காரன் முன்னால், அவன் பாஷையின் செத்த சொல்லை ஒரு மாட்டைப் பார்த்துக் கத்துவதா? கேலி செய்கிறான் என்று துப்பாக்கியைத் திருப்பினால்?

“லாரி சத்தம் கேக்குது. வெக்கப்பட்டுகினே நில்லு.”

குழந்தையின் கட்டிய தொண்டை நினைவுக்கு வந்தது. “ஸ்னெல்,” என்றான். பிறகு வயிற்றிலிருந்து, “ஸ்னெல்… ஏ ஸ்னெல்…”

கூட்டத்தின் நடுவில் இரண்டு காதுகள் நிமிர்ந்தன. மற்ற மாடுகளை இடித்துக்கொண்டு பசு கம்பியோரம் வந்து நின்றது.

சிப்பாய் மாட்டைப் பார்க்கவில்லை. எத்திராஜையே பார்த்தான். அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று கேட்டான். எத்திராஜ் தடுமாறி விளக்கினான். ஸ்காட்லாந்தில் தன் அம்மா குளிர்காற்றுக்குக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அதைச் சொல்லுவாள் என்றான் சிப்பாய்; கப்பல் ஏறிய பிறகு இன்றுதான் காதில் விழுந்ததாம். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, அவன் கேட்டைத் திறந்தான். மாட்டின் கழுத்தைத் தட்டி அந்தப் பெயரை ஒருமுறை சொன்னான். அவன் வாயில் அது வேறு மாதிரி, தேய்ந்து பழகிய சாமானைப் போல வந்தது.

செத்த சொல் என்று நினைத்ததற்காக எத்திராஜுக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் பூங்காவனம் செம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கறந்தாள். பாலாடையில் ஊற்றி வாயில் வைத்ததும் குழந்தையின் அழுகை நின்றது.

“அவங்க ஊர்ல காத்து கடிக்குமாம், பூங்காவனம். நெசமாவே,” என்றான் எத்திராஜ்.

“கடிக்கட்டும். மொதல்ல அந்தக் கவுத்த மாத்து,” என்றாள் அவள், குழந்தையின் கன்னத்தில் வழிந்த பாலைத் துடைத்தபடி.